உடம்பில் தொந்தரவு இல்லாதவருக்கு மருந்து எப்போது? கணக்குக்குத் தெரிந்ததும் தெரியாததும்

நீங்கள் கேட்டது இது: "அப்பாவுக்கு 62 வயது, 8 வருடமாகச் சர்க்கரை. டாக்டர் கம்ப்யூட்டரில் சில எண்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, கொழுப்பு மாத்திரையை இன்றே தொடங்கலாம் என்கிறார். ஒரு தொந்தரவும் இல்லாத மனிதருக்கு ஆயுள் முழுக்க மாத்திரையா? இதையெல்லாம் கணக்குப் போட்டுத் தீர்மானிக்க முடியுமா?"

முடியும். இந்த வகைக் கணக்குகளைப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துபவன் என்ற முறையில் தயங்காமல் சொல்கிறேன். ஆனால் உங்கள் டாக்டர் தட்டிப் பார்த்தது பெரும்பாலும் ஓர் ஆபத்துக் கணிப்பானாக இருக்கும். அடுத்த 10 ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வர நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று அது சொல்லும். முடிவெடுக்கும் கணக்குக்குள் போகும் பல எண்களில் அது ஒன்று, அவ்வளவுதான். மாத்திரை அந்த வாய்ப்பை எவ்வளவு குறைக்கும், அதனால் என்ன தொந்தரவு வரும், இன்று தொடங்காமல் அடுத்த வருடம் தொடங்கினால் என்ன இழப்போம், எதை மிச்சப்படுத்துவோம் என்று எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்தால்தான் முடிவு கிடைக்கும்.

சர்க்கரையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு எச்.ஐ.வி.யிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவின் கேள்விதான் அங்கேயும் இருந்தது. வெளியே ஒரு குறையும் தெரியாத ஒருவர், நிறுத்தவே முடியாத மாத்திரையை எந்த நாளில் தொடங்குவது? கிட்டத்தட்ட 30 ஆண்டுகள் டாக்டர்களை அலைக்கழித்த அந்தக் கேள்வி 2015இல் தீர்ந்தது. கணக்கு எங்கே சரியாகக் கை காட்டியது, எங்கே அதற்குக் கை எட்டவில்லை என்று தொடக்கம் முதல் முடிவுவரை பார்க்கக் கிடைப்பதால்தான் வகுப்பிலும் இந்த நோயையே எடுத்துக்கொள்கிறேன்.

எச்.ஐ.வி. கிருமி தாக்குவது சிடி4 என்ற வெள்ளை அணுக்களை. நலமாக இருப்பவரின் ரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு அவை பொதுவாக 500க்கு மேல் இருக்கும். மருந்து எடுக்காவிட்டால் வருடாவருடம் குறைந்துகொண்டே வரும். 200க்குக் கீழே போனதும் காசநோய், நிமோனியா என்று ஒவ்வொன்றாக உள்ளே புகும். இந்த இறக்கத்துக்குப் பலருக்கு 8, 10 ஆண்டுகள் ஆகும். இடையில் அவர் வேலைக்குப் போவார், பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுவார், பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

முதல் மருந்தான ஜிடோவுடின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தனியாகக் கொடுத்தபோது கிருமி சீக்கிரமே அதற்குப் பழகிக்கொண்டது, ரத்தசோகையும் சேர்ந்து வந்தது. பிரிட்டன், அயர்லாந்து, பிரான்சு நாடுகளில் அறிகுறி இல்லாத 1,749 பேரிடம் நடந்த கான்கார்ட் சோதனையின் முடிவு 1994இல் வெளியானது. உடனே தொடங்கியவர்களுக்கும் தள்ளிப்போட்டவர்களுக்கும் 3 ஆண்டுகள் கழித்து உயிர் பிழைப்பதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 1996இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்து சாவு எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. உடனே, முடிந்தவரை முன்கூட்டியே தொடங்குவோம் என்ற கருத்து ஓங்கியது. சில வருடங்களில் கன்னம் ஒட்டிப்போனது, கால் நரம்புகள் மரத்துப்போயின, மாத்திரை விட்டுப்போனவர்களிடம் கிருமி மருந்தை மிஞ்சியது. 2001இல் அமெரிக்க வழிகாட்டி பின்வாங்கி, சிடி4 350 அளவுக்கு இறங்கும்வரை காத்திருக்கலாம் என்ற நிலைக்கு வந்தது. பத்து வருடத்துக்குள் பதில் இரண்டு முறை புரண்டிருந்தது.

டாக்டர்கள் குழம்பிப்போனார்கள் என்று இதைப் படிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சின்னக் கணக்கில் ஏன் என்று காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்தவை, எந்த ஆய்விலிருந்தும் எடுத்தவை இல்லை.

நோயாளி இருக்கக்கூடிய நிலைகள் மூன்று: திடம், தளர்வு, மரணம். வருடத்துக்கு ஒருமுறை "தொடங்கலாமா, காத்திருக்கலாமா" என்று முடிவெடுக்கிறோம். திடமாக இருப்பவர் மருந்தில்லாமல் ஒரு வருடம் காத்திருந்தால், 100இல் 80 பேர் திடமாகவே இருப்பார்கள், 17 பேர் தளர்வார்கள், 3 பேர் இறந்துவிடுவார்கள். இந்த மூன்று எண்களை மாற்றாமல் வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு சுமாரான மருந்து. திடமாக இருக்கும்போதே தொடங்கினால் சராசரியாக 12 வருடம் வாழலாம், தளர்ந்தபின் தொடங்கினால் 9 வருடம். திடமானவர் ஒரு வருடம் காத்திருந்து அதன்பின் தொடங்கினால்? கடந்துபோன அந்த ஒரு வருடம், கூட 0.80 × 12, கூட 0.17 × 9. மொத்தம் 12.13. இன்றே தொடங்கினால் 12தான். தளரும்வரை காத்திருந்து தளர்ந்ததும் தொடங்குவது என்று வைத்தால் 12.65 வரை போகிறது. ஆகவே காத்திருப்பதே மேல். மருந்து சில வருடங்களுக்குத்தான் வேலை செய்யும் என்றால், அதைத் தொடாமல் நன்றாகக் கழிக்கிற ஒவ்வொரு வருடமும் கையிருப்பு. கான்கார்ட் காலத்து மருந்தின் நிலை ஏறக்குறைய இதுதான்.

இப்போது மருந்தை மட்டும் மாற்றுவோம். நல்ல மருந்து: திடத்தில் தொடங்கினால் 18 வருடம், தளர்வில் தொடங்கினால் 10. ஒரு வருடம் காத்திருந்தால் 1 + 0.80 × 18 + 0.17 × 10 = 17.1. தளரும்வரை காத்திருந்தால் வெறும் 13.5. இன்றே தொடங்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. நோய் அதே நோய், இறங்கும் வேகம் அதே வேகம். மாத்திரையின் தரம் மாறியதும் பதில் தலைகீழாகிவிட்டது. (வருட நடுவில் இறப்பவர்களுக்கும் முழு வருடத்தைக் கணக்கில் சேர்த்திருக்கிறேன். நிஜ மாதிரிகளில் அதைச் சரிசெய்வார்கள்.)

இதற்குப் பெயர் மார்க்கோவ் முடிவெடுப்பு மாதிரி. 1950களில் ரிச்சர்ட் பெல்மன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் இதற்கு வழி போட்டுக் கொடுத்தார். முதலில் எதிர்காலத்தை மதிப்பிட்டு, அங்கிருந்து ஒவ்வொரு படியாக இன்றுவரை பின்னோக்கி வருவதுதான் உத்தி. "நாளை எந்த நிலையில் இருந்தாலும் அங்கே சிறந்ததைச் செய்வேன், அப்படியென்றால் இன்று எது சிறந்தது?" மேலே நாம் போட்ட கூட்டல் இந்த ஒரு வரிதான். நிஜத்தில் நிலைகள் மூன்றுக்குப் பதில் பல இருக்கும், வருடத்துக்குப் பதில் மாதம் இருக்கும், வயதும் உள்ளே வரும். வேலையைக் கம்ப்யூட்டர் செய்துவிடும்.

எச்.ஐ.வி.க்கு இந்தக் கணக்கை முறையாகப் போட்டவர்கள் ஸ்டீவன் ஷெக்டர், மேத்யூ பெய்லி, ஆண்ட்ரூ ஷேஃபர், மார்க் ராபர்ட்ஸ் ஆகிய நால்வர். அவர்களின் ஆய்வு 2008இல் வந்தது. தாமதிப்பதால் வரும் நன்மைகளையும் அவர்கள் ஒதுக்கவில்லை: பக்கவிளைவு தள்ளிப்போகிறது, கிருமி மருந்துக்குப் பழகுவது தள்ளிப்போகிறது, கைவசம் இருக்கும் சில மருந்துகளும் பின்னாளுக்கு மிச்சமாகின்றன. மறுபக்கம், எதிர்ப்புச் சக்தி திரும்பவே முடியாத அளவுக்குச் சிதைவதும் மரணமும். நோயாளிகளின் தரவைப் போட்டுப் பார்த்தபோது, காத்திருப்போம் என்று மருத்துவ உலகம் சாய்ந்துகொண்டிருந்த நேரத்தில், முன்கூட்டியே தொடங்குங்கள் என்று அந்தக் கணக்கு சொன்னது. 7 ஆண்டுகள் கழித்து அது சொன்ன திசை சரி என்று உறுதியானது.

அந்தக் கணக்கை அப்படியே தூக்கி வந்து தாம்பரத்தில் வைத்திருக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986இல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் 2004 ஏப்ரல் 1 அன்று 8 மையங்களில் தொடங்கியபோது தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை அவற்றில் ஒன்று. அப்போது கிடைத்தது முதல் வரிசை மருந்து மட்டும்தான். அது தோற்றால் அடுத்த வரிசை மருந்தை அரசுத் திட்டம் 2008இல்தான் கொடுக்கத் தொடங்கியது, அதுவும் முதலில் தாம்பரத்திலும் மும்பையிலும் மட்டும்.

நம் சின்னக் கணக்கில் இதை வைத்துப் பாருங்கள். தோற்றால் அடுத்து வேறு மருந்து உண்டு என்றால், தொடங்கியபின் கிடைக்கும் வருடங்கள் கூடும், "இன்றே தொடங்கு" என்ற பக்கம் கனக்கும். அடுத்து ஒன்றும் இல்லை என்றால், கையில் இருக்கும் ஒரே தோட்டாவை எப்போது சுடுவது என்ற கேள்வியாக அது மாறிவிடும். கூடவே, முதல் வரிசையில் அப்போது பரவலாக இருந்த ஸ்டாவுடின்தான் கன்னத்தை ஒட்டவைத்து, பாதத்தை எரியவைத்த மருந்து. அந்தக் காலத்தில் தாம்பரத்தில் 200க்குக் கீழே போகும்வரை காத்திருக்கச் சொன்னதை மருத்துவ அறியாமை என்று இன்றைக்குச் சொல்வது எளிது. மருந்துகளின் எண்ணிக்கை, தரம், அரசிடம் இருந்த பணம், வரிசையில் சாகும் நிலையில் நின்றவர்கள் எத்தனை பேர் என்ற எல்லாமும் அந்த 200க்குள் இருந்தன. சென்னை நோயாளிகளின் தரவை வைத்து, கென்னத் ஃப்ரீட்பெர்க் குழு இந்தியாவுக்கென்றே ஒரு மாதிரி செய்து 2007இல் வெளியிட்டது. எந்த சிடி4 அளவில் தொடங்குவது, இரண்டாம் வரிசை மருந்தைச் சேர்த்தால் ஆயுள் எவ்வளவு கூடும், செலவு எவ்வளவு என்ற கேள்விகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வு அது. எனக்கு இந்தத் துறையில் பிடித்த வேலைகளில் அதுவும் ஒன்று. வேறு ஊர் எண்ணைக் கடன் வாங்காமல், இந்த ஊரின் நோயாளிகளை வைத்து இந்த ஊரின் மருந்துப் பட்டியலுக்கே கேள்வி கேட்டார்கள்.

இனி கணக்கின் கை எட்டாத இடம். வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், அந்த 0.03 எங்கேயிருந்து வருது?" காத்திருக்கும் வருடத்தில் 100இல் 3 பேர் இறப்பார்கள் என்று வைத்தோமே, அந்த எண்ணைத்தான் கேட்டாள். நல்ல கேள்வி, எல்லாமே அதில்தான் நிற்கிறது. பழைய கேஸ் ஷீட்டுகளிலிருந்து எடுக்கிறோம். முன்கூட்டியே மருந்து தொடங்கியவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று ஷீட் சொன்னால், மருந்தால் நன்றாக இருக்கிறார்களா, இல்லை படித்தவர்கள், வசதியானவர்கள், தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள்தான் சீக்கிரம் தொடங்கினார்களா என்று அந்த ஷீட்டுக்குத் தெரியாது. தனக்குள் போகும் எண்ணை மாதிரியால் தானாகச் சரிபார்க்க முடியாது. சீட்டுக் குலுக்கிப்போட்டு இரு குழுவாகப் பிரித்து நடத்தும் சோதனைதான் அதைச் செய்யும்.

அப்படிப்பட்ட சோதனைகள் ஒவ்வொன்றாக வந்தன. 2006இல் ஸ்மார்ட் சோதனை, 5,472 பேர். சிடி4 நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறைந்ததும் திரும்பத் தொடங்கலாமா என்று பார்த்தார்கள். நிறுத்தியவர்களிடம் சாவு கூடியது. எய்ட்ஸ் சார்ந்த நோய்கள் மட்டுமல்ல, இதயம், சிறுநீரகம், கல்லீரல் பாதிப்புகளும் அவர்களிடம்தான் அதிகம். இங்கேதான் எல்லோரும் திடுக்கிட்டார்கள். அதுவரை போட்ட கணக்குகளில் மாரடைப்பும் சிறுநீரகச் செயலிழப்பும் மருந்தின் கெடுதல் என்ற பத்தியில் இருந்தன. உண்மையில் கிருமியை ரத்தத்தில் சும்மா ஓடவிடுவதே அவற்றை வளர்க்கிறது என்று தெரிந்தது. ஓர் எண் ஒரு பத்தியிலிருந்து எதிர்ப் பத்திக்கு நகர்ந்தது. பெல்மனின் சமன்பாட்டில் ஒரு குறியும் மாறவில்லை, ஆனால் கணக்கு முழுக்க வேறாகிவிட்டது.

2010இல் ஹெய்ட்டி. 816 பேரில், 200க்கும் 350க்கும் இடையில் தொடங்கியவர்களில் 6 பேர் இறந்தார்கள், 200க்கு இறங்கும்வரை காத்திருந்தவர்களில் 23 பேர். 2015இல் ஸ்டார்ட் சோதனை: 35 நாடுகள், சிடி4 500க்கு மேல் இருந்த 4,685 பேர். உடனே தொடங்கியவர்களில் 42 பேருக்கும், 350க்கு இறங்கும்வரை காத்திருந்தவர்களில் 96 பேருக்கும் கடும் பாதிப்போ மரணமோ நேர்ந்தது. முடிவு தெளிவாகிவிட்டதால் சோதனையின் ஒப்பீட்டை முன்னதாகவே நிறுத்தி, எல்லோருக்கும் மருந்து கொடுக்கச் சொன்னார்கள். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம், சிடி4 எவ்வளவு இருந்தாலும் தொடங்கலாம் என்றது. இந்தியா 2017இல் அதை ஏற்றது.

இவற்றுக்கு நடுவே 2011இல் வந்த ஒரு முடிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள 1,763 ஜோடிகள், 9 நாடுகள். சென்னையும் புனேயும் அதில் உண்டு. தொற்று உள்ளவர் முன்கூட்டியே மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்தது. தனிநபர் சிகிச்சைக்காகப் போட்ட மாதிரிகளில் மனைவியோ கணவனோ இல்லவே இல்லை. ஒரு நோயாளியின் ஆயுளை மட்டும் கூட்டினோம், அவர் பக்கத்தில் படுப்பவரை யாரும் கூட்டவில்லை. தொற்றுப் பரவலைக் கணக்கிடுபவர்கள் வேறு அறையில் உட்கார்ந்திருந்தார்கள். 2009இல் ரூபென் கிரானிச் குழு தென்னாப்பிரிக்கத் தரவை வைத்து, எல்லோரையும் ஆண்டுதோறும் பரிசோதித்து உடனே மருந்து கொடுத்தால் புதிய தொற்று எவ்வளவு தூரம் சரியும் என்று காட்டியிருந்தது. இரண்டு கணக்குகளும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. எதைக் கூட்டுவது என்று தீர்மானிக்கும்போதே பாதி விடை உள்ளே போய்விடுகிறது. ஒரு மாதிரியை நீட்டினால் நான் முதலில் தேடுவது, இதில் யாருடைய ஆயுள் கூட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான்.

இன்னொரு குறையும் உண்டு. மார்க்கோவ் மாதிரிக்கு நேற்று நினைவில் இருக்காது. ஒரே வருடத்தில் 600லிருந்து 350க்குச் சரிந்தவரும், 5 வருடமாக 350லேயே நிற்பவரும் அதற்கு ஒன்றுதான். எந்த டாக்டரும் இருவரையும் ஒன்றாகப் பார்க்க மாட்டார். சரிவின் வேகத்தையும் நிலைக்குள் சேர்த்தால் தீரும், ஆனால் நிலைகள் பெருகிப்போய் ஒவ்வொன்றுக்கும் தரவு போதாது. சிடி4 பரிசோதனையே ஒரு நாளைக்கும் இன்னொரு நாளைக்கும் கணிசமாக ஏறி இறங்கும் என்பது வேறு.

சரி, உங்கள் அப்பா. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரைக்கும் இதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிக்கு எந்த வயதில் ஸ்டாடின் தொடங்குவது என்று பிரையன் டென்டன் குழு 2009இல் ஆராய்ந்தது. மூன்று வெவ்வேறு ஆபத்துக் கணிப்பான்களை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வைத்துப் பார்த்தார்கள். பெண்களுக்குத் தொடங்கும் வயது எந்தக் கணிப்பானை வைத்தோம் என்பதைப் பொறுத்து மாறியது. ஆகவே உங்கள் டாக்டர் தட்டிய கணிப்பான் எந்த மக்களை வைத்துச் செய்தது என்று கேட்பது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஒரே ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்விலிருந்து பிறந்த கணிப்பான் ஒன்று உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு மாரடைப்பு வெள்ளையரைவிட இளம் வயதிலேயே வருகிறது என்பதால், அது போன்றவை நமக்கு ஆபத்தைக் குறைத்துச் சொல்ல வாய்ப்புண்டு.

மாத்திரை விழுங்குவது அப்பாவுக்கு எவ்வளவு பாரம் என்பதும் ஓர் எண்ணாக உள்ளே போகும். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தினமும் ஒரு மாத்திரை போடும் அலுப்பால் வாழ்க்கைத் தரம் ஆயிரத்தில் 3 பங்கு குறைகிறது என்று வைத்தால், 20 வருடத்தில் அது 0.06 வருடம், ஏறக்குறைய 22 நாள். மாத்திரையால் சராசரியாகக் கிடைக்கும் ஆயுள் சில மாதங்கள் என்றால் இந்த 22 நாள் பெரிதில்லை. ஆபத்து மிகக் குறைவாக உள்ள ஒருவருக்குக் கிடைப்பதே சில வாரங்கள்தான் என்றால் அந்த 22 நாளே முடிவைத் திருப்பிவிடும். (இவையும் விளக்கத்துக்கான எண்கள்தான்.) அந்த "ஆயிரத்தில் 3" எவ்வளவு என்று டாக்டருக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது. அப்பாவைத்தான் கேட்க வேண்டும். ஏற்கெனவே சர்க்கரைக்கு மூன்று மாத்திரை போடுபவருக்கு நான்காவது ஒரு பொருட்டாகவே இருக்காது. இன்னொருவருக்கு அதுதான் "நான் நோயாளியாகிவிட்டேன்" என்று மனதில் ஏறும் நாள்.

எச்.ஐ.வி.க்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு, அப்பாவுக்குச் சாதகமானது. அங்கே மாத்திரையை விட்டுவிட்டுப் போட்டால் கிருமி மருந்தை மிஞ்சிவிடும், தொடங்கினால் திரும்ப முடியாது. ஸ்டாடினில் அந்தப் பயம் இல்லை. தொடங்கி மூன்று மாதத்தில் தசைவலி வந்தால் டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாடினுக்கு மாறலாம். திரும்பி வர வழியுள்ள முடிவு என்றால் கணக்கில் "தொடங்கிப் பார்" என்ற பக்கத்துக்கு எடை கூடும். 62 வயது, 8 வருடச் சர்க்கரை என்ற இரண்டே போதும், பெரும்பாலான வழிகாட்டிகள் உங்கள் டாக்டரின் பக்கம்தான் நிற்கும். நானும் அந்தப் பக்கம்தான்.

அடுத்த முறை போகும்போது அப்பாவையும் கூட்டிப்போய் மூன்று விஷயங்களை அவரையே கேட்கச் சொல்லுங்கள். மாத்திரை போடாமல் இருந்தால் என்னைப் போன்ற 100 பேரில் 10 வருடத்துக்குள் எத்தனை பேருக்கு மாரடைப்பு வரும், போட்டால் எத்தனை பேருக்கு? ஒரு வருடம் தள்ளிப்போட்டுச் சாப்பாடு, நடைப்பயிற்சியில் கவனம் வைத்தால் அந்த எண் எவ்வளவு மாறும்? தொந்தரவு வந்தால் எந்த அளவுக்குப் பின் நிறுத்துவோம்? ஒன்று மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. அவருக்கு முன்பே மாரடைப்போ, ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதமோ வந்திருந்து, அதை எனக்கு எழுத மறந்திருந்தீர்கள் என்றால், தள்ளிப்போடும் பேச்சே வேண்டாம். அங்கே ஸ்டாடினின் பலன் பெரிய சோதனைகளில் திரும்பத் திரும்ப உறுதியானது, டாக்டர் சொன்ன அன்றே தொடங்கிவிடுங்கள்.